பந்தியும் பள்ளிக்கூடமும்: மதுரைச் சீமை தரும் படிப்பினை

ஒரு சமுதாயம் யாரைத் தன்னவர் எனக் கருதுகிறது என்பதை அதன் பந்தியில் எளிதாகக் காணலாம். யாரோடு அமர்ந்து உண்கிறோம், யாருக்குத் தனியே இலை போடுகிறோம், யாரை அழைக்கவே மறந்துவிடுகிறோம் என்பவற்றில் நம் உள்ளத்தின் உண்மையான கணக்கு வெளிப்பட்டுவிடுகிறது. பள்ளிக்கூடமும் ஒருவகைப் பந்தியே. அங்கே பரிமாறப்படுவது கல்வி. அப்பந்தியில் யாருக்கெல்லாம் இடம் உண்டு என்னும் வினா, தென்தமிழகத்தில் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது. சமூக, மத, உடல் வேறுபாடுகளைக் கடந்து எல்லாப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் அரவணைப்பதை இன்று 'உள்ளடக்கிய கல்வி' என்கிறார்கள். பெயர் புதிது, பொருள் பழையது. நம்மவர் நடத்தும் தனியார் பள்ளிகள் பெருகியுள்ள இக்காலத்தில் இப்பொருளைச் சற்று விரிவாக ஆராய்வது நமக்குக் கடமையாகிறது.

எம்மை இவ்வாய்வுக்குத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு, மதுரையை அடுத்த ஓர் ஊரில் சமுதாயப் பெரியவர்கள் நடத்தும் ஆங்கில வழிப் பள்ளியொன்றின் ஆலோசனைக் கூட்டத்துக்கு நாம் அழைக்கப்பட்டிருந்தோம். முதல் வகுப்புச் சேர்க்கைக்கு வந்திருந்த விண்ணப்பங்களுள் மூன்று, தனியே எடுத்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்று, துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் மகளுடையது. மற்றொன்று, காது கேட்கும் கருவி பொருத்திய சிறுவனுடையது. மூன்றாவது, நம் ஜமாஅத்திலேயே தலைமுறை தலைமுறையாக முடிதிருத்தும் தொழில் செய்துவரும் குடும்பத்துப் பிள்ளையுடையது. "மற்றப் பெற்றோர் என்ன நினைப்பார்கள்?" என்றார் ஒருவர். "பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டிவருகிறோம், அதையும் பார்க்க வேண்டும்" என்றார் மற்றவர். மூன்றாவது விண்ணப்பத்தைப் பற்றி எவரும் எதுவும் சொல்லவில்லை; சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு அடுத்த பொருளுக்குச் சென்றுவிட்டனர். மூவருக்கும் 'இடம் நிரம்பிவிட்டது' என்று பதில் போயிற்று. நாமும் அன்று அங்கே இருந்தோம். எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லாமல், துஆ ஓதிக் கூட்டத்தை முடித்துவைத்துத் திரும்பினோம். இக்கட்டுரையில் பிறரை நோக்கி எழுதப்படும் எதுவும் முதலில் எம்மை நோக்கியே எழுதப்படுகிறது என்பதை வாசகர்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம்.

பசுமலையிலிருந்து சேரன்மகாதேவி வரை

மதுரைச் சீமையில் புதிய முறைக் கல்வி பரவியதில் அமெரிக்க மதுரை மிஷனுக்குப் பெரும் பங்குண்டு. 1834இல் பணி தொடங்கிய அம்மிஷன், திருமங்கலத்திலும் பின்னர் பசுமலையிலும் விடுதியோடு கூடிய கல்விச்சாலையை நடத்தியது. கிறித்தவத்தைத் தழுவிய பின்னரும் சாதி வழக்கத்தைக் கைவிடாதவர்கள் அச்சபையில் பலர் இருந்தனர். 1847ஆம் ஆண்டளவில் மிஷனரிகள் ஒரு முடிவுக்கு வந்தனர். சாதியை விட்டதற்கு வாய்மொழி உறுதி போதாது. எவர் சமைத்த உணவையும் எல்லோருடனும் அமர்ந்து உண்ண வேண்டும் என்று விதித்தனர். விளைவு கடுமையாக இருந்தது. உபதேசியார்களுள் பலர் விலகினர். மாணவர் பலரும் விடுதியை விட்டு வெளியேறினர். சமய நம்பிக்கையை மாற்றிக்கொள்ள இசைந்தவர்கள் பந்தியை மாற்றிக்கொள்ள இசையவில்லை. ஒரு கொள்கையை ஏற்பதற்கும் அதன்படி அருகில் அமர்வதற்கும் இடையே எவ்வளவு தொலைவு உண்டு என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னர் இதே வினா, நெல்லைச் சீமையில் வேறு வடிவில் எழுந்தது. தேசபக்தரும் தமிழறிஞருமான வ. வே. சு. ஐயர் 1922இல் கல்லிடைக்குறிச்சியில் ஒரு குருகுலம் தொடங்கினார். அது பின்னர் சேரன்மகாதேவிக்கு மாறியது. அரசுக் கல்விக்கு மாற்றாகத் தேசியக் கல்வி தருவதே அதன் நோக்கம். தமிழ்நாட்டுக் காங்கிரசும் பொதுமக்களும் பொருளுதவி செய்தனர். ஆனால் அங்கே பிராமண மாணவர் இருவருக்கு மட்டும் தனியே உணவு பரிமாறப்படுகிறது என்னும் செய்தி வெளிவந்தது. டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமிப் பெரியாரும் இதனை வன்மையாகக் கண்டித்தனர். 1925இல் தமிழகம் வந்த காந்தியடிகளிடம் இச்சிக்கல் கொண்டுசெல்லப்பட்டது. சமரசம் கைகூடவில்லை. அவ்வாண்டு ஜூன் திங்களில் பாபநாசம் அருவியில் தம் மகளைக் காப்பாற்ற முயன்றபோது ஐயர் உயிரிழந்தார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டோடு பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். தமிழக அரசியலின் போக்கே மாறுவதற்குக் காரணமானவற்றுள் ஒரு பள்ளியின் சாப்பாட்டுக் கூடமும் ஒன்றாயிற்று.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. ஐயர் சாதி வெறியர் அல்லர். பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோர் விதித்த நிபந்தனைக்கு இணங்கியே அவர் அவ்விருவருக்கும் விலக்கு அளித்தார். நூற்றுக்கணக்கானோரின் நன்கொடையால் நடந்த நிறுவனம், இரு குடும்பங்களுக்குக் கொடுத்த ஒரு சலுகையால் தன் நற்பெயரை இழந்தது. இன்று நம் பள்ளி நிர்வாகிகள் 'பெற்றோர் விரும்பமாட்டார்கள்' என்று கூறும்போதெல்லாம் எமக்குச் சேரன்மகாதேவி நினைவுக்கு வருகிறது. கெட்ட எண்ணம் இல்லாத நிர்வாகியும் பெற்றோரின் தப்பெண்ணத்துக்குப் பணிந்துவிட்டால், அத்தப்பெண்ணமே பள்ளியின் சட்டமாகிவிடும்.

ஒதுக்கப்பட்டோர் திறந்த கதவு

இதற்கு மாறான ஒரு வரலாறும் நம் அண்மையில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடார் சமூகத்தார் தென்மாவட்டங்களில் பல கோயில்களுக்குள் நுழைய முடியாதிருந்தனர். கமுதிக் கோயில் வழக்கும் 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரமும் அக்காலத்தின் சான்றுகள். அவர்கள் வணிகத்தில் 'மகமை' என்னும் பொது நிதி திரட்டினர். இல்லந்தோறும் 'பிடி அரிசி' சேகரித்தனர். அந்நிதியைக் கொண்டு 1880களில் விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை எழுந்தது. ஒரு சமூகத்தின் உழைப்பில் உருவான அப்பள்ளி, எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்திருந்தது. தம்மை வெளியே நிறுத்தியவர்களின் பிள்ளைகளுக்கும் அவர்கள் இடம் கொடுத்தார்கள் என்பதே அதன் சிறப்பு. அங்கே பயின்ற காமராசர் பின்னாளில் முதலமைச்சராகி, 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்துக்கு வழிகோலினார். பிடி அரிசியில் தொடங்கிய வரலாறு பள்ளிப் பந்தியில் நிறைவெய்தியது எனலாம்.

பந்தி என்னும்போது மதுரைக்கு அண்மைக்காலப் பெருமை ஒன்றும் சேர்ந்துள்ளது. தமிழக அரசின் காலை உணவுத் திட்டம் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பட்டது, முஸ்லிம்கள் நெருங்கி வாழும் நெல்பேட்டைப் பகுதியில் உள்ள ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான். பல சமயத்துப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பதை அங்கே எவரும் காணலாம். அதே வேளையில், தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பெண் சமைத்தார் என்பதற்காகச் சில ஊர்களில் பெற்றோர் பிள்ளைகளை உண்ணவிடாமல் தடுத்த செய்திகளும் 2023இல் வந்தன. பசுமலையில் எழுந்த வினா இன்னும் முற்றாகத் தீரவில்லை.

அவ்வாண்டு ஆகஸ்ட் திங்களில் நாங்குநேரியில் தாழ்த்தப்பட்ட சமூகத்து மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும், உடன் பயின்ற மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட கொடுமை தமிழகத்தை உலுக்கியது. அதன் பின்னர் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை நீக்குதல், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் தடை செய்தல் முதலிய பரிந்துரைகள் அதில் இடம்பெற்றன. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இயங்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளையும் பொதுவான கல்வித்துறையின்கீழ்க் கொண்டுவர வேண்டும் என்றும் அக்குழு கூறியது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கொடுமையும், 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூடும் அறிந்தவர்களுக்கு, அப்பள்ளிகள் எத்தகைய சூழலில் தோன்றின என்பது விளங்கும். அவற்றை இணைப்பதா வேண்டாமா என்பதில் அம்மக்களிடையே இருவேறு கருத்துகள் உண்டு. அதில் தீர்ப்புச் சொல்வது எம் நோக்கமன்று. ஒரு சமூகத்தைக் கைதூக்கிவிட எழுந்த பள்ளி, காலப்போக்கில் அச்சமூகத்தைச் சுற்றி எழுந்த வேலியாகிவிடக் கூடாது என்னும் கவலை மட்டும் நமக்கும் உரியது. நம் பள்ளிகளும் அத்தகைய தேவையில் எழுந்தவையே.

இராமேசுவரத்தின் ஒரு சிறுவன்

முஸ்லிம் பிள்ளைகள் பிறர் நடத்தும் பள்ளிகளில் எதிர்கொள்ளும் நிலையும் இப்பொருளின் மறுபக்கமாகும். 2006இல் வெளியான சச்சார் குழு அறிக்கை, பள்ளி செல்லும் முஸ்லிம் சிறாருள் ஏறத்தாழ நூற்றுக்கு நால்வரே மதரஸாக்களில் பயில்வதாகக் குறிப்பிட்டது. எனவே நம் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் பொதுப் பள்ளிகளிலும் பிறர் பள்ளிகளிலுமே கற்கின்றனர். அங்கே அவர்களுக்குக் கிடைக்கும் வரவேற்பு நமக்கு உயிர் நாடியான செய்தி.

ஏ. பி. ஜே. அப்துல் கலாம் தம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்லும் இரு நிகழ்ச்சிகள் இங்கே நினைக்கத்தக்கவை. இராமேசுவரம் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது, தொப்பி அணிந்த அச்சிறுவன் முன் வரிசையில் கோயில் குருக்களின் மகன் இராமநாத சாஸ்திரியின் அருகில் அமர்வது வழக்கம். புதிதாக வந்த ஆசிரியர் அதைப் பொறாது, அவரைப் பின் வரிசைக்கு அனுப்பிவிட்டார். நண்பன் கண்ணீர் வடித்தான். செய்தியறிந்த குருக்கள் இலட்சுமண சாஸ்திரிகள் அவ்வாசிரியரை அழைத்து, பிள்ளைகள் மனத்தில் பேதத்தின் நஞ்சைக் கலக்கலாகாது என்று கண்டித்தார். ஆசிரியரும் வருந்தித் திருந்தினார். மற்றொரு நிகழ்ச்சி, அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயரின் இல்லத்தில் நடந்தது. அவர் கலாமை உணவுக்கு அழைத்தார். ஆசாரம் மிக்க அவருடைய மனைவியார் தம் சமையலறையில் முஸ்லிம் சிறுவனுக்குப் பரிமாற மறுத்தார். ஐயர் சினம் கொள்ளவில்லை. தாமே பரிமாறி, அருகில் அமர்ந்து உண்டார். அடுத்த வாரமும் அழைத்தார். இம்முறை அவ்வம்மையார் தாமே கலாமை உள்ளே அழைத்துச் சென்று பரிமாறினார்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் மாற்றத்தைக் கொண்டுவந்தது சட்டமன்று. பொறுப்பில் இருந்த ஒருவர் சரியான நேரத்தில் வாய்திறந்தது, அல்லது தாமே முன்வந்து செய்துகாட்டியது. எம் ஆலோசனைக் கூட்டத்தில் இல்லாதிருந்தது இதுவே.

திண்ணைத் தோழர்களும் கண்ணிழந்த தோழரும்

கல்விப் பந்தியில் யாரையும் விலக்காத மரபு நமக்குப் புதிதன்று. மதீனாப் பள்ளிவாசலின் ஸுஃப்பா என்னும் திண்ணை, இஸ்லாமிய வரலாற்றின் முதல் உறைவிடக் கல்விக்கூடம் எனத்தக்கது. வீடும் குடும்பமும் இல்லாத ஏழைத் தோழர்கள் அங்கே தங்கிக் கற்றனர். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் பால் கிண்ண நிகழ்ச்சியை நம்மில் அறியாதவர் இலர். பசியால் வாடிய அவர், அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இல்லத்தில் ஒரு கிண்ணம் பாலைக் கண்டார். தமக்குக் கிடைக்கும் என எண்ணியிருக்க, திண்ணைத் தோழர் அனைவரையும் அழைத்துவருமாறு பணிக்கப்பட்டார். ஒரே கிண்ணத்தில் ஒருவர் பின் ஒருவராக அனைவரும் பருகினர். பின்னர் அபூஹுரைரா பருகினார். எல்லோருக்கும் இறுதியில் நபி (ஸல்) அவர்கள் பருகினார்கள். ஆசிரியரும் நிர்வாகியும் பந்தியில் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

மாற்றுத்திறனாளர் கல்வியைப் பற்றிப் பேசும்போது, திருக்குர்ஆனின் 80ஆம் அத்தியாயமாகிய 'அபஸ'வை மறக்கவியலாது. குறைஷித் தலைவர்களோடு நபி (ஸல்) அவர்கள் உரையாடிக்கொண்டிருக்கையில், கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) கற்கும் ஆர்வத்தோடு குறுக்கிட்டார். அண்ணலாரின் முகத்தில் தோன்றிய சிறு சுளிப்பைக் கண்டித்து வசனங்கள் இறங்கின. செல்வாக்கு மிக்கவர்கள் திருந்துவார்களா என்பதைவிட, நாடிவந்த எளியவர் தூய்மை பெறக்கூடும் என்பதே முதன்மையானது என அவை உணர்த்துகின்றன. கண்ணிழந்தவர் அச்சுளிப்பைக் கண்டிருக்கவே முடியாது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் அறியாத புறக்கணிப்பும் இறைவனிடத்தில் கணக்கில் வந்தது. 'இடம் நிரம்பிவிட்டது' என்று நாம் எழுதும் நயமான பதில்களின் உள்நோக்கத்தைப் பெற்றோர் அறியாமற் போகலாம். அறிபவன் ஒருவன் இருக்கிறான். பின்னாளில் இப்னு உம்மி மக்தூம் (ரலி) பிலால் (ரலி) அவர்களோடு முஅத்தினாகத் திகழ்ந்ததும், நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது பன்முறை மதீனாவின் பொறுப்பை ஏற்றதும் வரலாறு.

அடுத்த தலைமுறையில் அதாஉ இப்னு அபீ ரபாஹ் (ரஹ்) தோன்றினார். கறுத்த நிறத்தவர்; கால் ஊனமுற்றவர்; இறுதியில் பார்வையும் இழந்தவர். அவரே மக்காவின் முஃப்தியாக விளங்கினார். ஹஜ்ஜுக் காலத்தில் ஃபத்வா வழங்கும் உரிமை அவருக்கே அளிக்கப்பட்டது. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவரிடம் பாடம் கேட்டவர். அவருக்குச் சிறுவயதில் எந்த மக்தபாவது 'தேர்ச்சி விகிதம் குறையும்' என்று இடம் மறுத்திருந்தால், இழப்பு யாருக்கு?

மதுரையிலேயே இதற்கொரு சான்று உண்டு. பார்வையிழந்தவரான எஸ். எம். ஏ. ஜின்னா 1985இல் நிறுவிய இந்தியப் பார்வையற்றோர் சங்கம், சுந்தரராஜன்பட்டியில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திவருகிறது. நம்மில் ஒருவர் தொடங்கிய அந்நிறுவனத்தின் கதவு எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் திறந்தே இருக்கிறது. அதனைப் பெருமையோடு மேடைகளில் குறிப்பிடும் நாம், நம் பள்ளிகளில் ஒரு சாய்தளப் பாதையேனும் அமைத்திருக்கிறோமா என்று கேட்டுக்கொள்வது நலம்.

சட்டம் தரும் விலக்கு

2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆம் பிரிவு, தனியார் சுயநிதிப் பள்ளிகள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 விழுக்காடு இடங்களை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்கு அளிக்க வேண்டும் என்கிறது. உச்சநீதிமன்றம் 2012இல் இப்பிரிவு செல்லும் எனத் தீர்ப்பளித்தபோது, அரசு உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்களித்தது. 2014இல் பிரமதி அறக்கட்டளை வழக்கில் அரசியல் சட்ட அமர்வு, உதவி பெறுபவை, பெறாதவை என்னும் வேறுபாடின்றிச் சிறுபான்மைப் பள்ளிகள் அனைத்துக்கும் இச்சட்டம் பொருந்தாது என்றது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு இம்முடிவில் ஐயம் தெரிவித்து, பெரிய அமர்வு ஆராய்வதன் பொருட்டுத் தலைமை நீதிபதியின் பார்வைக்கு அனுப்பியது.

அரசியல் சட்டத்தின் 30ஆவது உறுப்பு நமக்கு அளிக்கும் உரிமை விலைமதிப்பற்றது. அதில் சிறு தேய்வும் நேராமல் காப்பது நம் பொறுப்பு. எனினும் உரிமை வேறு, அதனைப் பயன்படுத்தும் முறை வேறு. விரும்பிய கல்வி நிறுவனத்தை நிறுவி நடத்தவே அவ்வுரிமை தரப்பட்டது. ஏழையைத் திருப்பி அனுப்புவதற்காக அன்று. பிற சமூகப் பிள்ளைகளைச் சேர்ப்பதால் ஒரு நிறுவனம் தன் சிறுபான்மைத் தன்மையை இழந்துவிடாது என்பதை உச்சநீதிமன்றம் 1958ஆம் ஆண்டுக் கேரளக் கல்வி மசோதா வழக்கிலேயே தெளிவுபடுத்தியுள்ளது. மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் (2016), அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையங்கள் அனைத்தும் உள்ளடக்கிய கல்வி தர வேண்டும் என்பதையே குறிக்கோளாகக் கொண்டுள்ளது.

2022இல் கர்நாடகத்தில் முக்காடு அணிந்த மாணவியர் கல்லூரி வாயில்களில் நிறுத்தப்பட்டபோது நாம் துடித்தோம். அவர்கள் அடையாளத்தோடு வகுப்பில் அமரும் உரிமை வேண்டும் என்றோம். அது நியாயமான கோரிக்கை. அதே அளவையால் நம் பள்ளி வாயிலையும் அளக்க வேண்டாமா? திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் கண்டிக்கும் 'முதஃப்பிஃபீன்' யார்? பிறரிடமிருந்து அளந்து வாங்கும்போது நிறைவாகப் பெற்று, பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைப்பவர்கள். கடைவீதித் தராசுக்கு மட்டும் உரிய கண்டனம் என்று அதனைக் கருதுவது பொருந்தாது. மரியாதையும் வாய்ப்பும் கூட அளந்து வாங்கப்படுபவை, அளந்து கொடுக்கப்படுபவை.

நடைமுறை ஐயங்களும் விடைகளும்

இவ்வாறு பேசும்போது நிர்வாகிகள் எழுப்பும் நியாயமான ஐயங்கள் சில உண்டு. முதலாவது, பொருள். பிற சமய ஏழை மாணவர் கட்டணத்துக்கு ஸகாத் நிதியைப் பயன்படுத்தலாமா என்று கேட்கின்றனர். கடமையான ஸகாத் முஸ்லிம்களுக்கே உரியது என்பதுதான் ஷாஃபிஈ, ஹனஃபீ உள்ளிட்ட பெரும்பாலான ஃபுகஹாக்களின் தெளிவான நிலை. ஆனால் உபரியான ஸதகாவைப் பிற சமய ஏழைகளுக்கு அளிப்பதில் தடையில்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) ஸதகத்துல் ஃபித்ரையும் அவர்களுக்கு வழங்கலாம் என்றார்கள். பிற சமயத்து ஏழைகளுக்காக வக்ஃபு செய்வதும் செல்லும் என ஹனஃபீ நூல்கள் கூறுகின்றன. அன்னை ஸஃபிய்யா (ரலி) தம் யூத உறவினருக்குச் சொத்தில் ஒரு பகுதியை மரண சாசனம் செய்ததாக வரலாறு கூறுகிறது. தள்ளாத வயதில் இரந்து நின்ற யூதர் ஒருவருக்குக் கலீஃபா உமர் (ரலி) பொதுநிதியிலிருந்து உதவ ஆணையிட்டதை இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) 'கிதாபுல் கராஜ்' நூலில் பதிவு செய்துள்ளார்கள். எனவே பள்ளியில் இரு நிதிகளைத் தனித்தனியே பேணுவதே வழி: நம் ஏழைகளுக்கு ஸகாத் நிதி, அனைவருக்கும் பொதுவான ஸதகா நிதி. கணக்கு தனியே இருந்தால் குழப்பம் இராது. யார் எந்த நிதியில் பயில்கிறார் என்பது வகுப்பில் எவருக்கும் தெரியாதிருப்பதும் இன்றியமையாதது.

இரண்டாவது, மார்க்கக் கல்வி. தீனியாத் பாட நேரத்தில் பிற சமயப் பிள்ளைகள் என்ன செய்வது? அரசியல் சட்டத்தின் 28(3)ஆவது உறுப்பு, அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில் பெற்றோர் இசைவின்றிப் பிள்ளையைச் சமய போதனையில் பங்கேற்கச் செய்யலாகாது என்கிறது. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பது திருக்குர்ஆனின் (2:256) கொள்கையும் ஆகும். அந்நேரத்தில் அவர்களுக்கு நீதிபோதனையோ நூலக வாசிப்போ தரலாம். 'வெளியே நில்' என்று தாழ்வாரத்தில் நிறுத்துவது மட்டும் தகாது.

மூன்றாவது, ஆசிரியர்கள். நம் பள்ளிகளில் பிற சமய ஆசிரியர்கள் பலர் உண்மையோடு பணியாற்றுகின்றனர். பத்ருப் போரின் கைதிகளுள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனாவின் சிறுவர் பதின்மருக்கு எழுத்தறிவித்தால் அதுவே மீட்புத் தொகையாக ஏற்கப்பட்டது. போர்க்களத்தில் எதிரியாக நின்றவரிடமும் கற்க முன்வந்த சமுதாயம், தன்னோடு உழைக்கும் ஆசிரியரை வெளியாராகக் கருதலாகாது. நிர்வாகக் குழுவின் கலந்தாய்வுகளில் அவர்களுக்கும் இடமளிக்க வேண்டும்.

நான்காவதாக, நமக்குள்ளேயே நிலவும் பேதம். இதனை எழுதும்போது எம் கை தயங்குகிறது; ஆயினும் மறைப்பதில் பயனில்லை. தென்மாவட்டத்து முஸ்லிம் ஊர்களில் ஒரே ஸஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்துண்ணும் வழக்கத்தை நாம் உலகுக்குப் பெருமையோடு சொல்கிறோம். அந்த ஸஹனைச் சுற்றி எல்லாக் குடும்பத்தாரும் அமர்ந்தார்களா? முடிதிருத்தும் குடும்பத்தாரையும் புதிதாக இஸ்லாத்தைத் தழுவியோரையும் பெண் கொடுத்தல், நிர்வாகப் பொறுப்பு முதலியவற்றில் ஒதுக்கிவைக்கும் ஊர்கள் உண்டு. உருது பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஒருவரையொருவர் ஏளனமாக நோக்குவதும் உண்டு. தொழுகை வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்பவர்களின் பிள்ளைகள், வகுப்பறையில் அருகருகே அமர்வதற்கு எதுவும் தடையாக இருக்க முடியாது. மனிதரைப் பல இனங்களாகவும் குலங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே எனத் திருக்குர்ஆன் (49:13) கூறுகிறது. அறிந்துகொள்ளுதல் என்பது தொலைவில் இருந்து நடைபெறுவதன்று. ஒரே பெஞ்சில் அமர்ந்தால்தான் கைகூடும்.

செய்யத்தக்கவை

எளிய சில செயல்களைத் தொடக்கமாகக் கொள்ளலாம். சட்டம் விலக்களித்தாலும், நம் பள்ளிகள் நுழைவு வகுப்பில் ஒரு பங்கு இடத்தை அக்கம்பக்கத்து ஏழைகளுக்கெனத் தாமே முன்வந்து ஒதுக்கலாம். எந்த விண்ணப்பமும் காரணம் எழுதப்படாமல் நிராகரிக்கப்படலாகாது. அக்காரணத்தைப் பெற்றோருக்குத் தெரிவிக்கும் துணிவு நமக்கு இருக்க வேண்டும். வகுப்பில் இருக்கைகளை மாதந்தோறும் மாற்றி அமைக்கலாம். சிறப்புக் கல்வியில் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரை அருகிலுள்ள இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து நியமிக்கலாம். திங்களுக்கு ஒரு நாளேனும் ஆசிரியர், மாணவர், துப்புரவுப் பணியாளர், வாகன ஓட்டுநர் யாவரும் ஒரே பந்தியில், எல்லோரும் உண்ணத்தக்க உணவை உண்ணலாம். இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை.

இறுதியாக, எம் கணக்கை நிறைவு செய்ய வேண்டும். அக்கூட்டம் நடந்த மறு ஆண்டில் அதே பள்ளிக்கு மீண்டும் அழைக்கப்பட்டோம். முந்தைய ஆண்டு பேசாதிருந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பால் கிண்ணத்தின் செய்தியை எடுத்துரைத்தோம். நெடுநேர உரையாடலுக்குப் பின்னர், காது கேட்கும் கருவி அணிந்த அச்சிறுவனுக்கும் முடிதிருத்தும் குடும்பத்துப் பிள்ளைக்கும் இடம் கிடைத்தது. துப்புரவுத் தொழிலாளியின் மகளைத் தேடிச் சென்றபோது, அவள் அருகிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டிருந்தாள். அங்கே தோழியர் கிடைத்துவிட்டார்கள், இனி மாற்றவேண்டாம் என்று அவளுடைய தந்தையார் பணிவோடு கூறினார். அவர் கூறியதில் குறை காண எமக்கு வாயில்லை. அவள் எம்மிடம் கேட்டது ஓர் இருக்கை. எம் மௌனம் அதனை மறுத்தது. அவளை ஏற்றுக்கொண்ட பள்ளிக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக. நம் பள்ளிகளின் வாயில்களையும் நம் உள்ளங்களையும் அவன் விசாலமாக்குவானாக. ஆமீன்.